சூளகிரிக்குப் போன மகளுக்கு



உன் கடிதம் கிடைத்தது. ஊழியம் செய்யப் போனவளுக்குப் பேன் பார்க்கவும் பாய் அலசவும்தான் நேரம் இருக்கிறது, வேதாகமத்தைத் திறந்து பிள்ளைகளோடு உட்காரக்கூட முடியவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறாய். வருத்தப்படாதே. பிள்ளைகள் இல்லத்தில் அதுதான் ஊழியம். அதை முடித்துவிட்டுச் செய்ய வேறொரு பெரிய ஊழியம் காத்திருப்பதாக நினைத்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

நம் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரை நினைத்துப் பார். ஏமி கார்மைக்கேல் அம்மையார் அயர்லாந்திலிருந்து வந்தவர். மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போய்ச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தவர். 1901இல், தேவதாசியாகக் கோவிலுக்கு விடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி தப்பித்து அவரிடம் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னே ஒவ்வொருவராகப் பிள்ளைகள் வந்தார்கள், கைக்குழந்தைகளும் வந்தார்கள். வண்டிப் பயணம் நின்றது. பால் காய்ச்சுவதும் காய்ச்சல் பார்ப்பதும் நகம் வெட்டுவதும் அந்த அம்மாவின் அன்றாடமாயிற்று. அவரோடு உழைத்த பொன்னம்மாள் என்ற நம் தமிழ்ச் சகோதரியை ஜனங்கள் மறந்துவிட்டார்கள், எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி இருந்ததால் பச்சைக் குழந்தைகளை அங்கே வைத்து வளர்த்தார்கள். அந்தக் குழந்தைகள் காப்பகத்தின் பொறுப்பு முழுவதும் அவள் கையில்தான் இருந்தது. 1915இல் பொன்னம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். டோனாவூர் என்றால் அம்மையாரோடு அவளையும் சேர்த்துச் சொல்.

ஆனால் டோனாவூரை அப்படியே சூளகிரிக்குக் கொண்டுபோகாதே. இந்தக் கடிதத்தில் நான் உனக்குச் சொல்ல வந்ததே இதுதான். டோனாவூருக்கு வந்த பெண்பிள்ளைகள் திரும்பிப் போக முடியாதவர்கள். போனால் மறுபடியும் கோவிலுக்கே விட்டுவிடுவார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் அவ்வளவு போராடியும், தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் முழுமையாக வர 1947 ஆயிற்று. ஆகவே அந்த இல்லம் அவர்களுக்குக் கடைசிவரை வீடாக இருந்தாக வேண்டும்; அம்மையாரும் அவர்களுக்கு அம்மாவாகவே இருந்தாக வேண்டும். உன்னிடம் இருக்கிற பிள்ளைகளோ, நீ எழுதியிருப்பதைப் பார்த்தால், பெரும்பாலும் தாய் உள்ளவர்கள். ஒருவனின் அம்மா பசுமைக்குடிலில் ரோஜா வெட்டுகிறாள். இன்னொருத்தியின் அம்மா செங்கல் சூளையில் இருக்கிறாள். ஒருத்தி ஓசூர்க் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, நைட் ஷிஃப்ட். ராத்திரி பிள்ளையைப் பூட்டிவைத்துப் போகப் பயந்து, இல்லத்தில் விட்டிருக்கிறாள். இந்தப் பிள்ளைகளுக்கு வீடு உண்டு. அது இப்போது நொடித்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். அது எழுந்து நிற்கும்வரை பிள்ளையைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுக்கத்தான் நீ போயிருக்கிறாய்.

அதனால் உன்னை அக்கா என்றே கூப்பிடட்டும். டோனாவூரிலும் ஊழியம் செய்த நம் பெண்களை அக்கா என்றும், வெள்ளைக்கார அம்மாமாரைச் சித்தி என்றும், ஆண்களை அண்ணாச்சி என்றும்தான் பிள்ளைகள் அழைத்தார்கள். சின்னதுகள் தானாக அம்மா என்று ஒட்டிக்கொள்ளும், மனசு உருகிப்போகும். உருகட்டும். ஆனாலும் "உங்க அம்மா ஞாயிற்றுக்கிழமை வருவாங்க, நான் அக்கா" என்று தினமும் சொல்.

அம்மா வந்தால் எப்படி நடந்துகொள்வது என்பதும் முக்கியம். சூளையில் கூலி வாங்கி, பஸ் பிடித்து, அவள் வந்து சேரும்போது ஆராதனை நடந்துகொண்டிருக்கும், அல்லது பார்க்கும் நேரம் முடிந்திருக்கும். நேரம் முடிந்தது என்று கேட்டில் நிறுத்திவிடாதே. பிள்ளையை ஆராதனையிலிருந்து எழுப்பி அனுப்பு. கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவளுக்கும் ஒரு தட்டில் சோறு போடு. பிள்ளையின் தலையை அவளே வாரட்டும், நீ வாரிவிட்டது அழகாக இருந்தாலும் அவிழ்த்து வாரட்டும். போகும்போது அவளுடைய நம்பரைச் சரிபார்த்து வாங்கிக்கொள். கூலிக்காரர்களின் நம்பர் மாறிக்கொண்டே இருக்கும். மேஸ்திரியின் நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், சொந்த ஊர்ப் பாட்டியின் நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். இல்லத்தின் கணக்குப் புத்தகத்தைவிட அந்த நோட்டைப் பத்திரமாக வை.

அந்தப் பக்கம் தமிழ் மட்டும் போதாது. உன் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், சிலர் கன்னடம், சிலர் உருது. கம்பெனி வேலைக்கு வடக்கேயிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் இந்தி. தெலுங்கும் கன்னடமும் பேசக் கற்றுக்கொள். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை வீட்டுப் பேச்சில்தான் முனகும். தமிழில் பேசு என்று அதட்டுகிறவர்கள் இருந்தால் நீ தடுத்து நிறுத்து.

பாய் நனைக்கிற பையனைப் பற்றி எழுதியிருந்தாய். ஏழு வயதில் அது வம்பும் அல்ல, சோம்பலும் அல்ல. வீடு மாறிய பிள்ளைக்கு வருவதுதான். நீ படுக்கும் முன் ஒருமுறை அவனை எழுப்பிக் கூட்டிப்போ. பாயின் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் பழைய சேலையை நாலாக மடித்துப் போடு. விடியுமுன், மற்றவர்கள் எழுவதற்குள், சேலையை உருவி வாளியில் போட்டுவிட்டு, காய்ந்த நிக்கரைத் தலைமாட்டில் வை. ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். கொடியில் அவன் துணியை மட்டும் தனியாகத் தொங்கவிடாதே, மற்ற துணிகளோடு சேர்த்துப் போடு. மார்கழிக் குளிரில் உங்கள் பக்கம் தண்ணீர் கையை வெட்டும். அவனுக்கு முதல் வெந்நீர். அடிப்பது, முட்டி போடவைப்பது, சாப்பாட்டை நிறுத்துவது எதுவும் கூடாது. இல்லத்தில் பிள்ளையை அடிப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நமக்கு அது கூடாது.

சிரங்கு வந்தால் அரிக்கிற பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. அரசு ஆஸ்பத்திரியில் கேட்டு, ஒரே ராத்திரியில் எல்லாருக்கும் போடு, உனக்கும் சேர்த்து. மறுநாள் எல்லாத் துணியையும் கொதிநீரில் முக்கு.

காகித வேலையை அற்பமாக நினைக்காதே. அம்மாவே கொண்டுவந்து விட்டாலும், குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு இல்லாமல் எந்தப் பிள்ளையையும் வைத்துக்கொள்ளக் கூடாது. அநாதரவாக வந்த பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும். இல்லத்தின் பதிவுச் சான்று நடப்பில் இருக்கிறதா என்று நீயே வாங்கிப் பார். பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. நம் ஊழியக்காரர்களில் சிலர் இதைத் தங்களுக்கு எதிரானது என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தகுதியுள்ள குடும்பத்துக்கு, பிள்ளை வீட்டிலேயே வளர, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டு, சூளையில் இருக்கிற அந்த அம்மாவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடு. உன் இல்லத்தில் ஒரு கட்டில் காலியானால் சந்தோஷப்படு.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மதம் என்ற கட்டத்தில் கிறிஸ்தவம் என்று நீயாக எழுதிவிடாதே. பட்டியல் சாதிப் பிள்ளையை அப்படி எழுதினால், பிறகு அந்தச் சாதிச் சான்று கிடைப்பது கஷ்டம். நம் மாநிலத்தில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவராக மாறியவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வைக்கிறார்கள். பட்டியல் சாதிக்கு உரிய கல்லூரிச் சலுகையும் வேலை ஒதுக்கீடும் அந்த ஒரு கட்டத்தில் போய்விடும். பெற்றவர்களின் சான்றில் இருக்கிறபடியே எழுது. நீ ஜெபிப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். வர விரும்புகிறவன் பக்கத்தில் உட்காரட்டும். உட்காராதவனுக்கும் அதே அளவு குழம்பு.

ஓசூர்க் கம்பெனிகளிலிருந்து பிறந்தநாள் கேக்கோடு வருவார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாடவைத்து, முகம் தெரியப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட விடாதே. பராமரிப்பில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம். நன்கொடை நின்றுபோகும் என்று மேலே இருக்கிறவர்கள் சொன்னால், டோனாவூரில் யாரிடமும் பணம் கேட்டதில்லை, ஆனாலும் அடுப்பு எரிந்தது என்று சொல்.

சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் இறங்கியிருக்கிறது என்று வனத்துறை அறிவித்தால், அந்தத் திசைப் பிள்ளைகளை அழைத்துப்போக வருகிற பெற்றோரைச் சாயங்காலம் திரும்ப விடாதே, இரவு தங்கவைத்து அனுப்பு.

உன் உடம்பையும் பார்த்துக்கொள். அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார்; மற்றவர்கள் வேலையை நடத்தினார்கள். நீ ஒருத்தி இல்லாவிட்டால் இல்லம் நின்றுவிடும் என்று உன்னை நம்பவைக்க யாரையும் விடாதே. வாரத்தில் ஒருநாள் வெளியே போய்விட்டு வா.

கிறிஸ்துமஸ் லீவுக்கு யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள், யாரைக் கூட்டிப்போக ஆள் இல்லை என்று நவம்பருக்குள் எழுது. தங்குகிற பிள்ளைகளோடு இருக்க நான் வருகிறேன். நீ அந்த லீவில் ஊருக்குப் போய் உன் அம்மாவோடு இரு.

உன் பெரியம்மா