டிராக்டரின் முன் சக்கர இழுவை: எப்போது தேவை, எப்போது வீண்?

முல்லைப் பெரியாறு அணையிலிருந்து முதல் போகத்திற்கு வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் தண்ணீர் திறக்கப்படுகிறது. லோயர்கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரையுள்ள 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் அப்போது தொளி உழவு மும்முரமாகிவிடும். எல்லா வயலுக்கும் ஒரே சமயத்தில் டிராக்டர் தேவைப்படுகிறது. சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் மணிக் கணக்கில் வாடகை கொடுத்தே உழவு ஓட்டுகின்றனர். எனவே சக்கரம் வீணாகச் சுற்றும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுடைய பணமே ஆகும்.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் டிராக்டர்கள் இப்போது பள்ளத்தாக்கில் பெருகியுள்ளன. கொடித் திராட்சைப் பந்தலுக்குள் நுழையும் குட்டி டிராக்டர்களிலும் இவ்வகை உண்டு. முன் அச்சுக்கு விசை கொடுக்கவும் நிறுத்தவும் இவற்றில் தனி நெம்புகோல் இருக்கிறது. சிலர் அதை ஒரு முறை போட்டுவிட்டு, வயலிலும் தார்ச் சாலையிலும் எடுப்பதேயில்லை. வேறு சிலர் டீசல் மிச்சமாகும் என்று எண்ணி, சேற்றில்கூடப் போடுவதில்லை. இவ்விரண்டும் நஷ்டமே.

வழுக்கல் என்பது என்ன?

சக்கரம் ஒரு முறை சுற்றினால் அதன் சுற்றளவுக்கு வண்டி முன்னேற வேண்டும். கலப்பையை இழுக்கும்போது டயர் மண்ணில் சற்று வழுக்குவதால் அந்தத் தூரம் குறைகிறது. உழவில் 8 முதல் 15 விழுக்காடு வரை வழுக்கல் இருப்பது இயல்பு. வழுக்கலே இல்லையென்றால் டிராக்டரின் மேல் தேவைக்கு அதிகமான எடை ஏற்றப்பட்டுள்ளது என்று பொருள். அதனால் மண் இறுகும். வழுக்கல் 15 விழுக்காட்டைத் தாண்டினால் டீசலும் நேரமும் டயரும் வீணாகின்றன.

உதாரணமாக, 12 விழுக்காடு வழுக்கலில் 60 நிமிடத்தில் முடியும் உழவு, 30 விழுக்காடு வழுக்கலில் 75 நிமிடம் பிடிக்கும். வாடகைக்கு உழுபவர் கால் மணி நேரத்திற்குக் கூடுதலாகப் பணம் கொடுக்க நேரிடும். இத்தகைய நிலத்தில் முன் சக்கரங்களுக்கும் விசை கொடுத்தால் வழுக்கல் குறையும். அந்த இடத்தில் டீசலை மிச்சப்படுத்துவது நான்கு சக்கர இழுவையே.

வழுக்கலை அளப்பது எப்படி?

இதற்குச் சுண்ணாம்புக் கட்டியும் அளவு நாடாவும் போதும். பின் டயரின் பக்கவாட்டில் ஒரு கோடு போட வேண்டும். கலப்பையைத் தூக்கி வைத்து, அதே வயலில் சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தை அளக்க வேண்டும். பிறகு கலப்பையை இறக்கி, உழுதுகொண்டே மீண்டும் 10 சுற்று அளக்க வேண்டும். முதல் அளவு 40 மீட்டர், இரண்டாவது 34 மீட்டர் என்று கொள்வோம். குறைந்தது 6 மீட்டர். அதாவது வழுக்கல் 15 விழுக்காடு. இரண்டாவது அளவு 28 மீட்டராக இருந்தால் வழுக்கல் 30 விழுக்காடு. முன் இழுவையைப் போட்டு ஒரு முறையும் எடுத்து ஒரு முறையும் அளந்து பார்த்தால், அந்த வயலுக்கு எது ஏற்றது என்பது தெளிவாகிவிடும்.

போட வேண்டிய இடங்கள்

தொளி உழவு, ஈரம் அதிகமுள்ள களிமண், கொத்துக் கலப்பையை ஆழமாக இறக்கி ஓட்டுதல், வரப்பு ஏறுதல், மேட்டு நிலத்தில் பாரம் இழுத்தல் ஆகியவற்றிற்கு முன் இழுவை அவசியம். மழைக்குப் பின் திராட்சைப் பந்தலுக்குள் மருந்துத் தெளிப்பானுடன் செல்லும்போதும் இது தேவைப்படும்.

எடுக்க வேண்டிய இடங்கள்

காய்ந்த நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டும்போது முன் இழுவை பெரும்பாலும் தேவையில்லை. ரோட்டவேட்டரின் கத்திகள் மண்ணை வெட்டும் வேகத்திலேயே டிராக்டரை முன்னுக்குத் தள்ளுகின்றன. காய்ந்த சமதளத்தில் மருந்து தெளிக்கவும் இரண்டு சக்கர இழுவை போதும். வரிசையின் கோடியில் திரும்பும்போது முன் இழுவையை எடுத்துவிட்டால் குறுகிய இடத்தில் எளிதாகத் திரும்பலாம்.

முக்கியமாக, சமமான தார்ச் சாலையில் ஓடும்போது இதை எடுத்துவிட வேண்டும். பின் சக்கரங்களைவிட முன் சக்கரங்கள் சிறிது வேகமாக ஓடும்படியே நான்கு சக்கர டிராக்டர்கள் அமைக்கப்பட்டுள்ளன. இந்த வேறுபாடு ஏறக்குறைய 1 முதல் 5 விழுக்காடு வரை இருக்கும். வயலில் மண் நெகிழ்ந்து கொடுப்பதால் இதனால் தீங்கில்லை. தார்ச் சாலை நெகிழாது. வேறுபாடு 3 விழுக்காடு என்றால், ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் டயர் சுமார் 30 மீட்டர் அளவுக்குச் சாலையில் தேய்க்கப்படுகிறது. முன் டயர் விரைவில் வழவழப்பாகும். அச்சும் பல்சக்கரங்களும் முறுக்கேறும். டீசலும் கூடுதலாகச் செலவாகும்.

முறுக்கேறிய நிலையில் நெம்புகோல் எடுக்க வராமல் அடம்பிடிக்கும். அப்போது பலமாக இழுக்கக் கூடாது. வண்டியைச் சற்றுப் பின்னோக்கி நகர்த்தினால் முறுக்குத் தளர்ந்து நெம்புகோல் எளிதில் விடுபடும்.

டயர் மாற்றும்போது கவனம்

முன் டயருக்கும் பின் டயருக்கும் உள்ள அளவுப் பொருத்தம் கெடக் கூடாது. விலை மலிவு என்று வேறு அளவு டயரை முன்னால் மாட்டினால் மேற்சொன்ன வேறுபாடு மாறிவிடும். பிறகு இரண்டு அச்சுகளும் ஒன்றை எதிர்த்து ஒன்று இழுக்கும். கையேட்டில் குறிப்பிட்டுள்ள அளவையும் காற்றழுத்தத்தையுமே பின்பற்றுதல் வேண்டும். டயர்களை ஜோடியாகவே மாற்றுதல் நலம்.

இறக்கத்தில் டீசலை எண்ணாதீர்

மேற்சொன்ன விதிக்கு ஒரு முக்கிய விலக்கு உண்டு. போடிமெட்டு, கம்பம்மெட்டுப் பாதைகளைப் போன்ற மலைச் சரிவுகளில் பாரத்துடன் டிரெய்லரை இறக்கும்போது முன் இழுவையைப் போட்டே இறங்க வேண்டும். பெரும்பாலான டிராக்டர்களில் பின் சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் இருக்கிறது. முன் இழுவை சேர்ந்திருந்தால்தான் பிரேக்கின் பிடியும் என்ஜினின் பிடியும் நான்கு சக்கரங்களுக்கும் கிடைக்கும். அது இல்லாதபோது, பின்னாலுள்ள பாரம் தள்ளப் பின் சக்கரம் சறுக்கி, வண்டி குறுக்கே மடங்கும்.

சாலையில் இடது, வலது பிரேக் மிதிகளை இணைத்துப் பூட்டியிருக்க வேண்டும். எந்தக் கியரில் ஏற முடியுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவது உயிருக்கு உலை வைக்கும் செயலாகும்.

ஜீப்பும் காரும்

ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் நான்கு சக்கர ஜீப்புகளுக்கும் ஏறக்குறைய இதே முறை பொருந்தும். காய்ந்த தார்ச் சாலையில் பின் சக்கர இழுவை போதும். சேற்றிலும் சரளைக்கல் ஏற்றத்திலும் முன் அச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும்படி அமைந்த கார்களின் விஷயம் வேறு. டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி, பின் அச்சுக்குச் செல்லும் தண்டைக் கழற்றிவிட்டு முன் சக்கரத்தில் மட்டும் ஓட்டக் கூடாது. சில வகைகளில் விசை முழுவதும் கழற்றிய பக்கமே சென்று கார் நகராது. வேறு சிலவற்றில் நடுவிலுள்ள இணைப்பு சூடேறிக் கெடும். மிச்சமாகும் எரிபொருளைவிடப் பழுதுச் செலவு மிகுதியாகிவிடும். தயாரித்தவர் நெம்புகோலோ பொத்தானோ கொடுத்திருந்தால் மட்டுமே மாற்றலாம்.

வாடகைக்கு உழுபவர் கவனிக்க வேண்டியவை

1. உழவு தொடங்கிய உடனே 10 சுற்று அளந்து வழுக்கலைக் கணக்கிடவும்.

2. வழுக்கல் 15 விழுக்காட்டைத் தாண்டினால் முன் இழுவையைப் போடும்படி ஓட்டுநரிடம் கூறவும். அப்போதும் குறையாவிட்டால் கலப்பையின் ஆழத்தைக் குறைக்கவும்.

3. டயரின் பட்டைகள் தேய்ந்து மழுங்கியிருக்கும் டிராக்டரைத் தொளி உழவுக்கு அமர்த்த வேண்டாம்.

4. வயலை விட்டுச் சாலை ஏறியதும் முன் இழுவையை எடுக்கவும்; பாரத்துடன் மலை இறங்கும் முன் மறவாமல் போடவும்.

வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரானாலும், பக்கத்து ஊர் டிராக்டரானாலும் கணக்கு ஒன்றே. உழவுக்கு வரப்பில் நிற்கும் விவசாயி கடிகாரத்தை மட்டும் பார்க்காமல் சக்கரத்தையும் பார்த்தால், ஒவ்வொரு ஏக்கரிலும் தம் பணத்தைக் காத்துக்கொள்ளலாம்.