நான்காம் நிலை: வகுப்பில் கேள்வி எழுந்தால்

காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969 முதல் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. அண்ணா புற்றுநோயால் மறைந்ததும் அதே ஆண்டு, பிப்ரவரி 3 அன்று. இவ்வூர் வகுப்பறையில் ஒரு மாணவி, "அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோயாம், நாலாவது ஸ்டேஜாம். அப்படின்னா என்ன சார்?" என்று கேட்டால் வியப்பில்லை.

சுவாச மண்டலப் பாடத்தோடு சேர்த்தே விளக்கலாம். நுரையீரல் கட்டியின் செல்கள் இரத்தம், நிணநீர் வழியே எலும்பு, கல்லீரல், மூளை என்று பரவிவிட்ட நிலை அது. பெரும்பாலும் அறுவை சிகிச்சை பயன்படாது. உடல் முழுதும் செல்லும் மருந்து வேண்டும். கீமோதெரபி வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும். முடி கொட்டுவதும் அதனால்தான். திசுப் பரிசோதனையில் ஈ.ஜி.எஃப்.ஆர் மரபணு மாற்றம் தெரிந்தால் அதற்கென்றே மாத்திரைகள் உண்டு. இம்மாற்றம் புகைக்காதவர்களிடமே அதிகம். ஆகவே, "அப்பா பீடி குடிப்பாரா?" என்று கேட்டுவிடாதீர்கள். சிலருக்கு நோயெதிர்ப்பு சிகிச்சை பலன் தரும். எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு.

இவை பெரும்பாலும் நோயைக் கட்டுப்படுத்தும், முழுதாக நீக்குவதில்லை. இதைப் பிள்ளையிடம் எப்போது சொல்வது என்பது பெற்றோரின் முடிவு. நாம் முந்த வேண்டாம், "சரியாகிவிடும்" என்று பொய்யும் சொல்ல வேண்டாம். வலிதணிப்புச் சிகிச்சை என்றாலே 'டாக்டர் கைவிட்டுட்டாங்க' என்பார்கள். உண்மையில் அது மற்ற மருந்துகளோடு தொடக்கத்திலிருந்தே தரத்தக்கது. கீமோ நாள்களில் அவள் தாமதமாக வந்தால், காரணத்தைத் தனியே கேளுங்கள்.