இணைய விளம்பரமும் நமது இசைவும்

வாலாஜாபாத் கடைத்தெருச் சுவரொட்டி எல்லோருக்கும் ஒன்றே. இணைய விளம்பரமோ ஆளுக்கு ஆள் மாறும். கைப்பேசியில் ‘ஒரகடத்தில் வேலை’ என்று ஒருவர் தேடினால், அத்தேடலைக் கொண்டே அவருக்குரிய விளம்பரங்கள் தேர்ந்து காட்டப்படுகின்றன.

தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். பின்வந்த 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுவன: இசைவு கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி வேண்டும், தந்த இசைவைத் தந்தது போலவே எளிதில் திரும்பப் பெற இயல வேண்டும், 18 வயது நிரம்பாதோரைக் குறிவைத்து விளம்பரம் செய்தல் கூடாது. இக்கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின.

ஆயினும், படியாமலே ‘சம்மதம்’ என அழுத்துவோரைச் சட்டம் எங்ஙனம் காக்கும்? கற்ற நாம் முதலில் படிப்போம். வீட்டாருக்கும் படித்துக் காட்டுவோம்.