கப்பல் நிறுவனம் கண்ட சிதம்பரனார்

கடற்கரை இல்லாத தருமபுரி மாவட்டத்திற்கும் கப்பல் வரலாற்றோடு தொடர்புண்டு. காரிமங்கலம் அமைந்துள்ள இம்மாவட்டத்தின் பாப்பாரப்பட்டியில் 1925ஆம் ஆண்டு மறைந்த சுப்பிரமணிய சிவா, தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனாருக்குத் தோள்கொடுத்தவர்.

சிதம்பரனாரைக் கப்பலோட்டிய தமிழர் எனப் போற்றுகிறோம். ஆயினும் அவர் மாலுமி அல்லர், வழக்கறிஞர். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவுசெய்து, அதன் துணைச் செயலராகப் பொறுப்பேற்றார். பத்து இலட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் மதிப்புடைய 40,000 பங்குகளாகப் பகுக்கப்பட்டது. செல்வர் ஒருவரையே சாராது, பலர் கூடி முதலிடும் முறை இது. பம்பாய் முதலிய ஊர்களுக்கும் சென்று அவர் பங்குகளைத் திரட்டினார்.

காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சென்றன. போட்டியிட்ட ஆங்கிலேய நிறுவனம் பயணக் கட்டணத்தைக் குறைத்தது. 1908 மார்ச்சு 12இல் சிதம்பரனாரும் சிவாவும் சிறைப்பட்டனர். கப்பல்கள் இருந்தன, அவற்றை நடத்திச் செல்லும் நிர்வாகியோ கோவைச் சிறையில் செக்கிழுத்தார். கட்டணப் போட்டியாலும் அரசின் அடக்குமுறையாலும் நலிந்த நிறுவனம் 1911இல் கலைக்கப்பட்டது.

1912 டிசம்பரில் விடுதலை பெற்ற சிதம்பரனார், 1936இல் மறையும்வரை வறுமையோடு போராடினார். தூத்துக்குடித் துறைமுகம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. கப்பலைச் செலுத்தும் கலையைப் போலவே, மக்களை ஒன்றுதிரட்டிக் கப்பல் நிறுவனம் நடத்தும் ஆற்றலும் போற்றத்தக்கதே என்பதை அவர்தம் வாழ்வு உணர்த்துகிறது.