சரக்கு வண்டியை உயர்த்தலாமா?

நம் சங்க உறுப்பினர்களில் பலர் இப்போது சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருக்கிறோம். வாங்கிய சில மாதங்களில் ஓட்டுநர் வந்து ஒரு யோசனை சொல்வார்: “முதலாளி, பின்னால ரெண்டு பட்டை சேர்த்து, டயரையும் பெரிசாப் போட்டுட்டா வண்டி அடி தட்டாது. இன்னும் பத்து மூட்டை ஏத்தலாம்.” செலவு பெரிதில்லை, பட்டறையில் ஒரு நாள் வேலைதான். ஆகவே நம்மில் பலர் மறுபேச்சின்றிச் சரி என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் சில உண்டு.

வண்டியை உயர்த்தும் வழக்கம் அமெரிக்காவில் மிகுதி. சேற்றிலும் பாறையிலும் ஓட்டிப் பார்க்கும் ஆசையுள்ளவர்கள் அங்கே தங்கள் பிக்கப் வண்டியை உயர்த்திப் பெரிய டயர் மாட்டுகிறார்கள். அதற்கென்றே உதிரிபாகங்கள் தொகுப்பாக விற்கின்றன. அதைக் கைபேசியில் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஆனால் அவர்கள் உயர்த்துவது பெரும்பாலும் காலியாக ஓடும் வண்டி. நம் வண்டியோ ஒரு டன்னுக்கு மேல் சுமந்துகொண்டு ஓடுவது. இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

முதலில் டயர். டயரின் பக்கத்தில் 195/80 ஆர் 15 என்று எழுதியிருந்தால், அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 156 மில்லிமீட்டர். ரிம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். மேலும் கீழும் உள்ள சுவர்களைச் சேர்த்தால் டயரின் முழு உயரம் 693 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் 733 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். நாம் பெரிதாக நினைத்த டயரால் வண்டி உயர்வது அதில் பாதி, 20 மில்லிமீட்டர்தான். இரண்டு விரல் அகலம்கூட இல்லை.

ஆனால் சுற்றளவு 6 சதவீதம் கூடிவிடுகிறது. மீட்டரில் 60 காட்டும்போது வண்டி 63-க்கு மேல் ஓடும். 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 94 அல்லது 95 காட்டும். “டயர் மாற்றியதிலிருந்து டீசல் கூடக் குடிக்கிறது” என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சக்கரத்தின் இழுவை அதே அளவுக்குக் குறைகிறது. மேட்டில் ஓட்டுநர் கிளட்சை அரைத்துக்கொண்டு ஏறுவார். பிரேக்குக்கும் வேலை கூடும். டயர்க் கடைக்காரர்கள் பொதுவாக 3 சதவீதத்துக்கு மேல் உயரம் மாறக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

அளவுக்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருக்கும். அதுதான் நம் போன்றவர்களுக்கு முக்கியம். 100 என்றால் அந்த டயர் தாங்கும் எடை 800 கிலோ. 106 என்றால் 950 கிலோ. பார்வைக்கு அகலமாக இருக்கும் ஜீப் டயரில் இந்த எண் குறைவாக இருக்கக்கூடும். பெரிய டயர் என்று வாங்கிக் குறைந்த எடை தாங்குவதை மாட்டிக்கொள்வது எந்த வியாபாரம்?

அடுத்தது பட்டை. பட்டை சேர்த்தால் ஸ்பிரிங் விறைப்பாகும், பின்பகுதி உயரும். அவ்வளவுதான். ஆக்சில், பேரிங், ரிம், பிரேக் எல்லாம் பழையவையே. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையில் ஒரு கிலோகூடக் கூடுவதில்லை.

இதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு; பல ஓட்டுநர்களுக்கே தெரியாது. பல பிக்கப் வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே சிறு கம்பி ஒன்று பிரேக் வால்வோடு இணைந்திருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால், அந்தக் கம்பி நகர்ந்து பின் சக்கர பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலி வண்டியாக உயர்ந்து நின்றால் குறைக்கும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. பட்டை சேர்த்த வண்டி முழுப் பாரத்திலும் தாழ்வதில்லை. வால்வு அதைக் காலி வண்டி என்றே எண்ணிக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்து வைத்திருக்கும். முப்பது மூட்டை அரிசியோடு இறக்கத்தில் வரும் வண்டி, முன் பிரேக்கை மட்டும் நம்பி வருவது போலத்தான். பட்டறைக்காரர் அந்தக் கம்பியைத் திரும்ப அளவு வைக்காமல் அனுப்பிவிடுவதே வழக்கமாக இருக்கிறது.

வளைவிலும் இதே கதை. சக்கரங்களுக்கிடையே அகலம் 140 சென்டிமீட்டர், பாரத்தோடு எடையின் நடுமையம் தரையிலிருந்து 100 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 110 ஆனால், கவிழாமல் தாங்கும் சக்தி சுமார் 9 சதவீதம் குறைகிறது. கொல்லிமலைச் சாலையில் கொண்டை ஊசி வளைவு 70. ஒவ்வொன்றிலும் இந்தக் குறைவு வண்டியோடு போகிறது. மூட்டையை மேலே அடுக்கினால் இன்னும் மோசம். தளம் உயர்ந்துவிட்டால் ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்கி ஏற்றும் தொழிலாளியின் முதுகையும் நினைக்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தனி. விபத்து நேர்ந்தால், தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யவும் இடமுண்டு.

அப்படியானால் அடி தட்டும் வண்டிக்கு என்ன வழி? பெரும்பாலும் அது ஸ்பிரிங் தளர்ந்த வண்டி, அல்லது பாரம் மிஞ்சிய வண்டி. பாரம் மிஞ்சினால் இரண்டு நடை அடிப்பதோ, பெரிய வண்டி வாங்குவதோதான் வழி. ஸ்பிரிங் தளர்ந்ததா என்று அறிய எங்கள் கடையில் ஒரு முறை வைத்திருக்கிறோம். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே பாடியின் அடி விளிம்பு வரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்து, தேதியோடு வண்டி நோட்டில் எழுதிவிடுவோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளப்போம். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் அங்கே பட்டை ஒடிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வோம். இரு பக்கமும் இறங்கியிருந்தால் கம்பெனி அளவிலேயே முழு செட்டாக மாற்றுவோம். பழைய பட்டையை நெருப்பில் காய்ச்சி வளைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் கொடுப்பதில்லை. இரும்பின் பதம் போய், சில மாதத்தில் திரும்பவும் படுத்துவிடும்.