அச்சுப் பூவும் ஸ்கெட்ச் பேனாவும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

1843ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஹென்றி கோல் என்பவர், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை வரையச் செய்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுவே என்பர். அதன் கோடுகள் கல்லச்சில் அடிக்கப்பட்டன. வண்ணமோ கையால் தீட்டப்பட்டது. கோட்டை அச்சுக்கும் வண்ணத்தைக் கைக்கும் விடுவது வாழ்த்து அட்டையோடு உடன்பிறந்த முறை எனலாம். ரப்பர் ஸ்டாம்பால் பூவைப் பதித்து, ஸ்கெட்ச் பேனாவால் நிறம் கொடுக்கும் நாமும் அதையே செய்கிறோம்.

இம்முறையில் பலரை வருத்தும் இடர் ஒன்று உண்டு. அழகாகப் பதிந்த பூவின்மேல் பேனா பட்டதும் கோடு கசிந்துவிடும். மஞ்சள் இதழில் ஊதா அழுக்குப் படியும். பேனாவின் முனையும் கெடும். "நமக்குக் கை வராது" என்று அட்டையைக் கிழித்துப் போடுவோர் பலர். குறை கையில் இல்லை, கரைப்பானில் இருக்கிறது.

மையின் இயல்பு

நிறம் தரும் பொருள்கள் இருவகைப்படும். சாயம் கரைப்பானில் முற்றும் கரைந்து நிற்கும். நிறமி கரையாது, நுண்துகளாக மிதந்து நிற்கும். சாதாரண ஸ்கெட்ச் பேனாவில் இருப்பது நீரில் கரைந்த சாயம். அழியா மார்க்கர்களில் பெரும்பாலானவற்றில் நீருக்குப் பதில் ஆல்கஹால் போன்ற கரைப்பான் இருக்கும்.

இனிக் கசிவின் காரணம் எளிதில் விளங்கும். கோட்டின் மை எந்தக் கரைப்பானில் கரையுமோ, அதே கரைப்பானுள்ள பேனாவால் தீட்டினால் கோடு மீண்டும் கரையத் தொடங்கும். அலுவலகங்களில் பயன்படும் ஊதா ஸ்டாம்பு மை நீரிலும் கரையும், ஸ்பிரிட்டிலும் கரையும். ஆகவே எந்தப் பேனாவைக் கொண்டு வந்தாலும் அது கசியும்.

ஓர் எளிய சோதனை

மை நிற்குமா, ஓடுமா என்பதை அட்டையைக் கெடுக்காமலே அறியலாம். நம் ஆய்வகத்தில் செய்யும் தாள் நிறப்பிரிகையே இதற்குப் போதும். வடிதாளில் இரண்டு நீளத் துண்டுகள் வெட்டிக்கொள்க. ஒவ்வொன்றிலும் கீழிருந்து 2 செ.மீ. உயரத்தில் சோதிக்கும் மையால் ஒரு புள்ளி வைத்து உலரவிடுக. ஒரு குவளையில் 1 செ.மீ. உயரம் நீரும், மற்றொன்றில் அதே அளவு ஸ்பிரிட்டும் ஊற்றி, துண்டுகளின் அடிநுனி மட்டும் நனையுமாறு நிறுத்துக. புள்ளி நேராகத் திரவத்துள் மூழ்கலாகாது. ஸ்பிரிட்டின் அருகே நெருப்பு இருத்தல் கூடாது.

செல்லுலோஸ் இழைகளின் நுண்புழை வழியாகத் திரவம் மேலேறும். புள்ளி அதனோடு பயணம் செய்தால், அந்த மை அந்தக் கரைப்பானுக்கு ஆகாது. அசையாமல் இருந்தால் அஞ்சாமல் தீட்டலாம். அழியா மார்க்கரின் புள்ளி நீரில் நிற்கும், ஸ்பிரிட்டில் ஓடும். பென்சில் கோடு இரண்டிலும் அசையாது; அது கார்பன் அன்றோ! கறுப்பு ஸ்கெட்ச் பேனாவின் புள்ளி நீரில் நீலம், சிவப்பு, மஞ்சள் எனப் பிரிவதையும் காணலாம். ஒரே நிறமெனத் தோன்றுவது பல சாயங்களின் கலவை என்பது அப்போது கண்கூடாகும்.

ஊதா மை ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் வழி என்ன? முதலில் வண்ணத்தைத் திட்டுத் திட்டாகத் தீட்டி, நன்றாக உலர்ந்தபின் அதன்மேல் பூவைப் பதிக்கலாம். மற்றொரு வழி, ஸ்டாம்பின் முகத்தில் வெளிர்மஞ்சள் ஸ்கெட்ச் பேனாவைத் தேய்த்து, ஈரம் காயுமுன் பதிப்பது. இக்கோடும் கசியும், ஆனால் இதழின் நிறத்தோடு கலந்து மறைந்துவிடும். இடரே இங்கு உதவியாகிறது.

தீட்டும் முறை

ஸ்கெட்ச் பேனாவின் நிறம் ஒளி ஊடுருவுவது. ஆதலால் வெளிர்நிறத்தை முதலிலும் அடர்நிறத்தைப் பின்னரும் இடவேண்டும். வெண்மையை மேலே சேர்க்க இயலாது. ஒளிபடும் இடத்தைத் தாளாகவே விட்டுவிடுக. அடர்நிறத்தை இதழின் அடியில் தொடங்கி வெளிநோக்கி இழுத்து, ஈரம் காயுமுன் வெளிர்நிறப் பேனாவால் அதன் விளிம்பைத் தடவினால் இரண்டும் இழையும். பின்பு அவ்வெளிர் பேனாவைக் கழிவுத்தாளில் கிறுக்கித் தூய்மை செய்க. ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் தேய்த்தால் நனைந்த இழைகள் எழும்பித் திரளும். எனவே தடித்த வரைதாளே ஏற்றது. ஆல்கஹால் மார்க்கர் தாளின் மறுபுறம் ஊறும். தனித்தாளில் தீட்டி வெட்டி ஒட்டுவது நலம்.

ஸ்டாம்பு வாங்கப் பொருளில்லையே என எவரும் தயங்க வேண்டா. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறை கொண்ட அச்சு கிடைக்கிறது. அதன் பசையைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு மையில் தோய்த்துப் பதித்தால் ஐந்திதழ்ப் பூ தோன்றும். வெண்டையின் பூவுக்கும் இதழ் ஐந்தே: வெளிர்மஞ்சள் இதழ், அடியில் கருஞ்சிவப்பு. அதே நிறத்தைக் கொடுத்தால் காயைக் கொண்டே அதன் பூவை மலரச் செய்தவராவோம்! செங்காந்தளை வரைவோர், அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக அலையலையான ஆறு இதழ்களைத் தீட்டலாம்.

சாயங்கள் ஒளியில் வெளிறும் என்பதையும் நினைவிற் கொள்க. நெடுநாள் இருக்க வேண்டிய அட்டையை வெயில் படும் சுவரில் மாட்டலாகாது.

பொங்கல் வாழ்த்துகளை இன்று கைப்பேசியிலேயே அனுப்பிவிடுகிறோம். அவ்வாறிருக்க இவ்வளவு பாடு எதற்கு எனச் சிலர் வினவலாம். நம்மில் பலருடைய வீடுகளில், எழுத்தறியாத மூத்தோர் இருக்கின்றனர். நாம் எழுதும் வரியைப் பிறர் படித்துச் சொன்னால்தான் அவர்கள் அறிவர். பூவை அவர்களே பார்ப்பர். இது வெண்டைப்பூ, இது காந்தள் என்று அவர்களே சொல்வர். அந்தப் பூ கசியாமலும் கலங்காமலும் போய்ச் சேர வேண்டும். அதற்கு நாம் கற்ற வேதியியல் சிறிது உதவுமாயின், அது தேர்வுத்தாளைக் கடந்தும் பயன்பட்டது என மகிழலாம்.