சுருங்கிய ஸ்வெட்டரில் ஒரு கைவேலை

வடக்கே உத்தியோகம் பார்த்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறிய நம்மவர் வீடுகளில் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் இரண்டு மூன்று கம்பளி ஸ்வெட்டராவது இருக்கும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அவற்றை யாரும் போடப்போவதில்லை, பூச்சிதான் தின்கிறது. அவற்றை வாஷிங் மெஷினில் இட்டு, ‘ஃபெல்ட்’ எனப்படும் தடித்த துணியாக்கி, அலங்கார வேலைக்குப் பயன்படுத்தும் முறையை எழுதுகிறேன்.

கம்பளி வெந்நீரில் சுருங்கிவிடும் என்று அஞ்சுவோம். அந்தச் சுருக்கம்தான் இங்கே வேண்டியது. ஆட்டு ரோமத்தின்மேல் ஓட்டுக்கூரைபோல நுண்ணிய செதில்கள், நுனியைப் பார்த்தபடி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. சூடும் சோப்பும் சேர்த்து அலைத்தால் இழை வேர்ப்பக்கமாக நகரும். திரும்பி வரவொட்டாமல் செதில் தடுக்கும். ரயில்வேக்காரன் பாஷையில் சொன்னால் ராட்செட் ஜாக்கி மாதிரி, ஒரு பக்கம் மட்டுமே போகும். காஷ்மீரத்து நம்தா விரிப்பும் இதே தத்துவந்தான். அங்கே கம்பளியைப் பரப்பி, சோப்பு நீர் தெளித்து, பாயோடு சுருட்டிக் காலால் மிதிக்கிறார்கள். அந்த மிதியை இங்கே மெஷின் செய்கிறது.

முதலில் சோதனை. ஒரு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, ஆறியபின் சாம்பல் விரலில் பொடியானால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் அக்ரிலிக். அது ஃபெல்ட் ஆகாது. கம்பளியிலும் ‘மெஷினில் துவைக்கலாம்’ என்ற சீட்டு உள்ளவை உதவா. அவற்றின் செதிலை முன்பே மழுக்கியோ பூச்சிட்டு மூடியோ இருப்பார்கள்.

கையால் பின்னிய ஸ்வெட்டரானால் வீட்டில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். பிரித்தால் நூல் மிஞ்சும், மறுபடி பின்னலாம். ஃபெல்ட் ஆனபின் பிரிக்கவே முடியாது. என் மனைவி பின்னியவற்றில் ஒன்றை நாங்கள் மெஷினில் போடவில்லை. டில்லியில் உள்ள பேரனுக்காக அதைப் பிரித்து நூற்கண்டாக வைத்திருக்கிறாள்.

செமி ஆட்டோமேடிக் மெஷினே இதற்கு வசதி. வேண்டும்போது நிறுத்தி மூடியைத் திறந்து பார்க்கலாம். முன்கதவு மெஷினில் அது கடினம். ஸ்வெட்டரைத் தலையணை உறைக்குள் இட்டு வாயை இறுகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பஞ்சு போய் வடிகுழாயை அடைக்கும். உராய்வுக்கு ஒரு பழைய ஜீன்ஸைக் கூடப் போடலாம். மெஷின் புத்தகம் அனுமதிக்கும் அளவுக்குச் சூடான நீர், சோப்புத்தூள் கொஞ்சமே. நுரை மிகுந்தால் வழுக்கும், உராய்வு குறையும்.

எப்போது நிறுத்துவது? தொடங்குமுன் துணியில் 10 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, நான்கு மூலையிலும் பருத்தி நூலால் முடிச்சிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். பக்கம் 7 சென்டிமீட்டர் ஆனால் பரப்பு 100-லிருந்து 49. அதாவது பாதி, கனம் ஏறக்குறைய இரட்டிப்பு. பின்னல் கண் மறைந்து, ஓரத்தில் வெட்டிப் பார்த்தால் நூல் பிரியாதிருந்தால் போதும். சிலது இரண்டு ஓட்டத்தில் ஆகும், சிலது அடம்பிடிக்கும். பிறகு குளிர்ந்த நீரில் அலசி, பிழிந்து, சமமாக விரித்துக் காயவிடுங்கள். இடவப்பாதி மழையில் இதைத் தொடவே வேண்டாம், காயாமல் நாறும். கொலுவுக்கு வேண்டுமானால் மாசி வெயிலிலேயே செய்து வையுங்கள்.

வெட்டிய ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டியதில்லை என்பது பெரிய சௌகரியம். மாவிலை, தாமரை, கிளி என்று வெட்டித் தோரணமாகக் கோக்கலாம். காபி டம்ளருக்கு அடிவட்டும் ஆகும். பூச்சி இதையும் விடாது. கொலு முடிந்ததும் வெயில் காட்டி, இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.